எட்டில் எட்டும் வென்றும் இடம் கிடைக்காத அணி

(இளைஞர்களுக்கான கூடைப்பந்துப் பயிற்சியின் நிறைவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விளையாட்டு விழாவுக்குப் பேச அழைத்தால் கோப்பை வென்ற அணியின் கதையைச் சொல்வதுதான் வழக்கம். நான் இன்று கோப்பை வெல்லாத அணியின் கதையைச் சொல்லப் போகிறேன். கோப்பை இருக்கட்டும், கோப்பைக்கான சுற்றுக்குள் நுழையக்கூட அந்த ஆண்டு அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் கடைசியாக ஆடிய எட்டு ஆட்டங்களில் எட்டிலும் அவர்கள் வென்றிருந்தார்கள். எட்டில் எட்டும் வென்ற அணிக்கு எப்படி இடம் இல்லாமல் போகும்? இந்தக் கேள்விக்கான பதிலில் உங்களுக்கும் எனக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்று ஒரு நகரம். பாலைவன நகரம். அந்த ஊர் அணியின் பெயர் ஃபீனிக்ஸ் சன்ஸ். என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் மொத்தம் 30 அணிகள். கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வோர் அணியும் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடும். முடிவில் ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளிப்பட்டியலில் முதல் எட்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகும். ஒன்பதாவது அணி வீட்டுக்குப் போகும். நான் சொல்லும் கதை நடந்த காலம் வரை இதுதான் அங்கே விதி.

பத்தாண்டு வறட்சி

சன்ஸ் அணி 2010இல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனது. அதன்பிறகு இறங்குமுகம். ஆண்டுக்கு ஆண்டு பிளே-ஆஃப் கிடைக்காமல் போனது. 2013-14 பருவத்தில் 48 ஆட்டங்களில் வென்றார்கள், 34இல் தோற்றார்கள். அப்படியும் மேற்கில் ஒன்பதாவது இடம்தான் கிடைத்தது. அதே ஆண்டு கிழக்கில் 38 ஆட்டம் மட்டுமே வென்ற அட்லாண்டா அணி பிளே-ஆஃபுக்குப் போய்விட்டது. நாம் நன்றாக ஆடுவது மட்டும் கணக்கு அல்ல, பக்கத்தில் ஆடுகிறவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதும் கணக்கில் சேரும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போதே தெரிந்துபோனது.

பிறகு நிலைமை இன்னும் மோசமானது. 2018-19 பருவத்தில் 82 ஆட்டங்களில் 19 மட்டுமே வெற்றி. 63 தோல்வி. மேற்குப் பிரிவில் கடைசி இடம்.

அந்த அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். டெவின் புக்கர் என்கிற வீரர் 2015இல் கல்லூரியில் இருந்து நேராக வந்தவர். 2020இல் அவருக்கு வயது 23. டியாண்ட்ரே ஏய்ட்டன் 2018இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்ட உயரமான ஆட்டக்காரர், வயது 22. மிக்கால் பிரிட்ஜஸ், கேமரன் ஜான்சன் இருவரும் லீக்குக்கு வந்து ஓரிரு ஆண்டே ஆனவர்கள். பிளே-ஆஃப் ஆட்டம் எப்படி இருக்கும் என்று இந்த நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

2019இல் மான்ட்டி வில்லியம்ஸ் என்பவர் பயிற்சியாளராக வந்தார். அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். 2016இல் அவருடைய மனைவி கார் விபத்தில் இறந்துபோனார். ஐந்து பிள்ளைகளின் தாய். எதிரே வந்த காரை ஓட்டிவந்த பெண்ணும் அந்த விபத்தில் இறந்தார். மனைவியின் இறுதிச் சடங்கில் பேசும்போது அந்த இன்னொரு குடும்பத்துக்காகவும் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கூடியிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டவர் அவர். நம் கையில் இருப்பது எது, நம் கையில் இல்லாதது எது என்ற வித்தியாசத்தை வாழ்க்கையில் பட்டு அறிந்த மனிதர். அந்த இளம் அணிக்கு அப்படிப்பட்ட ஒருவர் வாய்த்தார்.

எட்டு ஆட்டம், ஆறு ஆட்ட இடைவெளி

2020 மார்ச் 11. கொரோனா தொற்று காரணமாக லீக் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அப்போது சன்ஸ் அணி 65 ஆட்டங்கள் ஆடியிருந்தது. 26 வெற்றி, 39 தோல்வி. மேற்கில் 13வது இடம்.

நான்கு மாதங்களுக்கு மேல் கழித்து ஜூலை இறுதியில் ஆட்டங்களை மீண்டும் தொடங்கினார்கள். ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ அருகே டிஸ்னி வளாகத்தில் எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் தங்கவைத்தார்கள். அதற்கு ‘பபிள்’ என்று பெயர். வெளியே போக முடியாது. வெளியாட்கள் உள்ளே வர முடியாது. பரிசோதனைக்கு மேல் பரிசோதனை. பார்வையாளர்கள் கிடையாது. அரங்கில் பெரிய திரைகளில் ரசிகர்களின் முகம் மட்டும் தெரியும். குடும்பத்தினருக்கும் ஆரம்பத்தில் அனுமதி இல்லை.

முப்பது அணிகளில் 22 அணிகளை மட்டும் அழைத்தார்கள். மேற்கில் இருந்து அழைக்கப்பட்ட 13 அணிகளில் ஆகக் கடைசி அணி சன்ஸ். ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள். எட்டாவது இடத்தில் இருந்த மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணி 32 வென்று 33 தோற்றிருந்தது. அதாவது சன்ஸைவிட ஆறு ஆட்டம் முன்னால்.

அந்த ஆண்டுக்கு மட்டும் ஒரு புது விதி. ஒன்பதாவது அணி எட்டாவது அணியைவிட நான்கு ஆட்டத்துக்கு மேல் பின்தங்காமல் இருந்தால், இரண்டுக்கும் தனிப்போட்டி வைப்பார்கள். எட்டாவது அணி ஒருமுறை வென்றால் போதும். ஒன்பதாவது அணி இரண்டு முறை வெல்ல வேண்டும்.

சன்ஸ் அணிக்கு அந்த ஒன்பதாவது இடமாவது வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் நான்கு அணிகளைத் தாண்ட வேண்டும்: போர்ட்லாண்ட், நியூ ஆர்லியன்ஸ், சாக்ரமென்டோ, சான் அன்டோனியோ. வெறும் எட்டு ஆட்டத்தில்! பலரும் நினைத்தது இதுதான்: இந்தப் பிள்ளைகள் எட்டு ஆட்டத்தையும் ஒப்புக்கு ஆடிவிட்டு ஊர் திரும்புவார்கள்.

அவர்கள் ஒப்புக்கு ஆடவில்லை.

ஜூலை 31: வாஷிங்டனை 125-112 என்று வென்றார்கள். ஆகஸ்ட் 2: டாலஸை 117-115. ஆகஸ்ட் 4: லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ். அந்த ஆண்டு கோப்பை வெல்லும் என்று பேசப்பட்ட அணிகளில் ஒன்று. கடைசி விநாடி வரை சமநிலை. புக்கரிடம் பந்து இருக்கிறது. லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் அவரை மறிக்கிறார்கள். திரும்பி, எழும்பி, பந்தை விடுகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்த ஒலி கேட்கிறது. பந்து வலைக்குள் விழுகிறது. மீண்டும் அதே 117-115.

ஆகஸ்ட் 6: இண்டியானாவை 114-99. ஆகஸ்ட் 8: மயாமியை 119-112. ஆகஸ்ட் 10: ஓக்லஹோமா சிட்டியை 128-101. இந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல். ஏய்ட்டன் முந்தைய நாள் செய்ய வேண்டிய கொரோனா பரிசோதனையைத் தவறவிட்டார். அதனால் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அவரால் அரங்கத்துக்கு வந்து சேர முடிந்தது. மற்றவர்கள் அவர் இடத்தை நிரப்பினார்கள். ஆகஸ்ட் 11: ஃபிலடெல்ஃபியாவை 130-117.

ஏழுக்கு ஏழு. நேர்மையாகச் சொல்வதென்றால், எதிரணிகள் சிலவற்றில் முன்னணி வீரர்கள் காயத்தாலும் ஓய்வாலும் ஆடவில்லை. ஆனால் அது எல்லா அணிகளுக்கும் பொதுவான நிலைமை. அந்த நிலைமையில் தோற்காமல் ஆடிய அணி 22இல் இது ஒன்றுதான்.

கடைசி நாள்

ஆகஸ்ட் 13. எட்டாவது ஆட்டம், மறுபடியும் டாலஸ் அணியோடு. வழக்கமாக ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு வீரரின் பெயரையும் அறிவிப்பாளர் சொல்வார். அன்று வீரர்களுக்குத் தெரியாமல் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் குடும்பத்தினரே திரையில் தோன்றி அறிமுகப்படுத்தினார்கள். வாரக்கணக்கில் வீட்டாரைப் பார்க்காத பிள்ளைகள். இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் மகனுக்கு உங்கள் குரல் என்ன செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அன்று 128-102 என்று வென்றார்கள்.

எட்டுக்கு எட்டு. அவர்கள் கையில் இருந்த வேலை முடிந்தது. இனி மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மெம்ஃபிஸ் அல்லது போர்ட்லாண்ட், இரண்டில் ஓர் அணி அன்று தோற்றால் போதும்.

மெம்ஃபிஸ் அன்று எதிர்கொண்டது மில்வாக்கி அணியை. லீக்கிலேயே அதிக வெற்றி பெற்ற அணி. ஆனால் அதன் நட்சத்திர வீரர் யானிஸ் முந்தைய ஆட்டத்தில் எதிரணி வீரரைத் தலையால் முட்டியதற்காக ஓர் ஆட்டத் தடையில் இருந்தார். மெம்ஃபிஸ் 119-106 என்று வென்றது.

மிச்சம் போர்ட்லாண்ட். அன்றிரவு புரூக்ளின் அணியோடு ஆட்டம். புரூக்ளினுக்கு அந்த ஆட்டத்தால் பெரிய லாபமோ நஷ்டமோ இல்லை. இருந்தும் கடைசி வரை விட்டுக்கொடுக்காமல் போராடியது. போர்ட்லாண்டின் டேமியன் லில்லார்ட் 42 புள்ளிகள் எடுத்தார். 134-133. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கடைசியாகப் புரூக்ளின் வீரர் காரிஸ் லெவர்ட் எறிந்த பந்து உள்ளே விழவில்லை. அந்தப் பந்து விழுந்திருந்தால் சன்ஸ் உள்ளே. விழவில்லை, சன்ஸ் வெளியே.

போர்ட்லாண்ட் 35 வெற்றி, 39 தோல்வி: எட்டாவது இடம். மெம்ஃபிஸ் 34 வெற்றி, 39 தோல்வி. சன்ஸும் 34 வெற்றி, 39 தோல்வி. இருவருக்கும் ஒரே கணக்கு. ஆனால் இந்த இரு அணிகளும் பபிளுக்கு முன்பு நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் மெம்ஃபிஸ்தான் கூடுதலாக வென்றிருந்தது. அதனால் ஒன்பதாவது இடம் மெம்ஃபிஸுக்கு. பத்தாவது இடம் சன்ஸுக்கு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

எங்கே தோற்றார்கள்?

இப்போது நான் கேட்கிறேன். சன்ஸ் அணி எந்த நாளில் அந்த இடத்தை இழந்தது?

புரூக்ளின் வீரரின் பந்து தவறிய அந்த இரவில் என்று சிலர் சொல்வார்கள். யானிஸ் ஆடாமல் போனதால் என்று சிலர் சொல்வார்கள். கணக்கைப் பார்த்தால் வேறு பதில் வரும். அவர்களுடைய 39 தோல்விகளும் மார்ச் மாதத்துக்கு முந்தையவை அல்லது மார்ச் தொடக்கத்தோடு முடிந்தவை. அதற்குப் பிறகு ஒரு தோல்விகூட இல்லை. அந்த 39இல் ஏதேனும் ஒரே ஒரு தோல்வி வெற்றியாக இருந்திருந்தால் 35 வெற்றி, 38 தோல்வி என்று இருந்திருக்கும். அப்போது ஒன்பதாவது இடம்கூட அல்ல, போர்ட்லாண்டையும் தாண்டி எட்டாவது இடமே கிடைத்திருக்கும்.

ஒரே ஓர் ஆட்டம்! அது நவம்பரில் சோம்பலாக ஆடிய ஓர் ஆட்டமாக இருக்கலாம். “இன்னும் எழுபது ஆட்டம் இருக்கிறதே” என்று கடைசிப் பத்து நிமிடத்தைக் கைவிட்ட ஆட்டமாக இருக்கலாம். பருவத்தின் தொடக்கத்திலேயே ஏய்ட்டன் லீக் தடைசெய்த ஒரு மருந்து உடலில் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்து 25 ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார். அந்த 25இல் ஓர் ஆட்டமாகவும் இருக்கலாம். எந்த ஆட்டம் என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அதுதான் விஷயமே. இந்த ஆட்டம்தான் பின்னால் நம்மைக் கேள்வி கேட்கப்போகிறது என்று எந்த ஆட்டமும் முன்கூட்டி நமக்குச் சொல்வதில்லை.

புள்ளிப்பட்டியலில் நவம்பர் ஆட்டத்துக்கும் ஆகஸ்ட் ஆட்டத்துக்கும் ஒரே எடைதான். ஆகஸ்டில் வென்றால் கைதட்டல் அதிகம், நவம்பரில் வென்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் பட்டியலில் இரண்டும் ஒன்று என்றுதான் எழுதப்படும்.

மெம்ஃபிஸைப் பாருங்கள். அதுவும் இளம் அணிதான். அதன் நாயகன் ஜா மொரான்ட்டுக்கு அது முதல் பருவம், வயது 21கூட அப்போதுதான் நிரம்பியது. பபிளில் மெம்ஃபிஸ் எட்டு ஆட்டங்களில் ஆறில் தோற்றது. இரண்டில்தான் வெற்றி. இருந்தும் எட்டுக்கு எட்டு வென்ற அணிக்கு முன்னால் நின்றது. எப்படி? முன்னால் சேர்த்துவைத்த சேமிப்பு. சிறுகச் சிறுகச் சேர்த்தது கஷ்ட காலத்தில் கைகொடுத்தது. ஆனால் சேமிப்பும் தீரும் பிள்ளைகளே. எட்டாவது இடத்தில் இருந்திருந்தால் தனிப்போட்டியில் மெம்ஃபிஸ் ஒருமுறை வென்றால் போதும். ஒன்பதுக்கு நழுவியதால் இரண்டுமுறை வெல்ல வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 15இல் நடந்த முதல் போட்டியிலேயே போர்ட்லாண்டிடம் 126-122 என்று தோற்று அவர்களும் வெளியேறினார்கள். முன்னால் சேர்த்தால் மட்டும் போதாது, பின்னாலும் காக்க வேண்டும் என்பதற்கு மெம்ஃபிஸ் சாட்சி.

அப்படியானால் அந்த எட்டும் வீணா?

இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் இரண்டு வகை இருக்கிறீர்கள். ஒருவருக்கு ஆண்டு இப்போதுதான் தொடங்குகிறது. அவருக்கு நான் சொன்னது போதும்: இன்றைய ஆட்டத்தை இன்றே ஆடுங்கள்.

இன்னொருவர் இருக்கிறார். அவருடைய நவம்பர் ஏற்கெனவே போய்விட்டது. படிப்பில் இரண்டு பாடம் தவறியிருக்கலாம். காயத்தால் அல்லது வீட்டுச் சூழலால் பயிற்சிக்கு வர முடியாமல் போயிருக்கலாம். சேர்க்கைப் பட்டியலில் பின்னால் நிற்கலாம். “முன்பே உழைத்திருக்க வேண்டும்” என்று அவரிடம் சொல்வதால் யாருக்கு என்ன பயன்? அது அவருக்கே தெரியும். அவருக்காகத்தான் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன்.

பபிளுக்குள் நுழைந்தபோது சன்ஸ் அணியின் 39 தோல்விகளையும் யாராலும் அழிக்க முடியாது. முன்னால் இருந்தவை எட்டு ஆட்டங்கள் மட்டும். அவற்றை ஆடினார்கள். இடம் கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஒன்று நடந்தது. தோற்றுப் பழகிய இளைஞர்களுக்குத் தங்களால் யாரையும் வெல்ல முடியும் என்று தெரிந்துபோனது. வெளியில் இருந்தவர்களுக்கும் தெரிந்துபோனது.

2020 நவம்பரில் கிறிஸ் பால் என்கிற மூத்த ஆட்டக்காரர் அந்த அணிக்கு வந்தார். வயது 35. லீக்கின் மிகச் சிறந்த ஆட்ட நெறியாளர்களில் ஒருவர். மான்ட்டி வில்லியம்ஸிடம் முன்பு நியூ ஆர்லியன்ஸில் ஆடியவர். மயாமியில் இருந்து ஜே கிரௌடர் வந்தார். இளைஞர்களின் வேகமும் மூத்தவர்களின் பக்குவமும் சேர்ந்தன. அடுத்த பருவம் 72 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதில் 51 வெற்றி, 21 தோல்வி. மேற்கில் இரண்டாம் இடம். பத்து ஆண்டு வறட்சி முடிந்தது.

பிளே-ஆஃபில் நடப்பு சாம்பியன் லேக்கர்ஸை வென்றார்கள். டென்வரை நான்குக்கு நான்கு வென்றார்கள். மேற்கு இறுதியில் எதிரே வந்தது யார் தெரியுமா? கிளிப்பர்ஸ். அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களில் கிறிஸ் பால் கொரோனா விதிமுறை காரணமாக ஆட முடியவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அணியைத் தாங்கியவர் கேமரன் பெய்ன் என்பவர். 29 புள்ளிகள்.

இந்தப் பெய்ன் யார்? அணி அணியாக வந்து போனவர். ஓர் அணி விடுவித்தது, இன்னோர் அணி பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது, பிறகு சீனாவுக்குப் போய் ஆடினார், திரும்பி வந்து இரண்டாம்நிலை லீக்கில் ஆடினார். 2020இல் பபிளுக்குப் புறப்படும் நேரத்தில்தான் சன்ஸ் அவரைச் சேர்த்தது. அந்த எட்டு ஆட்டங்கள் அவருக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு மாதிரி. “எப்படியும் பிளே-ஆஃப் கிடைக்கப்போவதில்லை” என்று அவர் ஏனோதானோ என்று ஆடியிருந்தால், ஓராண்டு கழித்து அந்த இரவில் அந்த இடத்தில் அவர் இருந்திருக்கமாட்டார்.

அதே ஆட்டத்தின் முடிவில் 0.9 விநாடி மிச்சம். சன்ஸ் ஒரு புள்ளி பின்னால். கிரௌடர் எல்லைக்கு வெளியே இருந்து பந்தை வளையத்தை நோக்கி உயரமாக எறிந்தார். பரிசோதனைக்குத் தாமதமாகி ஆட்டத்துக்குப் பிந்தி வந்தார் என்று சொன்னேனே, அந்த ஏய்ட்டன் எழும்பி அதைக் காற்றிலேயே வாங்கி உள்ளே போட்டார். 104-103. தொடரை வென்று, 1993க்குப் பிறகு முதல்முறையாக சன்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது.

இறுதியில் வென்றார்களா? இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களை வென்றுவிட்டு அடுத்த நான்கையும் மில்வாக்கியிடம் தோற்றார்கள். யானிஸ் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். ஆக, கோப்பை இல்லை. கதையை இனிப்பாக முடிக்க நான் உண்மையை மாற்றப்போவதில்லை. உழைத்தவனுக்கு உழைத்த இடத்திலேயே, உழைத்த உடனேயே கூலி கிடைத்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. சில சமயம் அது வேறு வாசல் வழியாக வரும். சில சமயம் பாதிதான் வரும். ஆனால் உழைக்காதவனுக்கு எந்த வாசலும் திறக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மூன்று வேண்டுகோள்

பிள்ளைகளே, உங்களுக்கு முதல் வேண்டுகோள். பின்தங்கிய நிலையில் இருந்தால் புள்ளிப்பட்டியலை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். எட்டு ஆட்டத்தையும் ஒரே நாளில் யாராலும் வெல்ல முடியாது. முதலில் வாஷிங்டன், பிறகு டாலஸ், பிறகு கிளிப்பர்ஸ் என்று ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

பெற்றோர்களே, உங்களுக்கு இரண்டாவது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் “இடம் கிடைத்ததா?” என்றுதான் முதலில் கேட்கிறோம். இடம் என்பது அவன் உழைப்பும், பக்கத்தில் இருப்பவன் உழைப்பும், ஊர் பேர் தெரியாத ஒருவன் எறிந்த பந்து விழுந்ததா என்பதும் சேர்ந்த கணக்கு. அதில் முதல் பாகம் மட்டும்தான் உங்கள் பிள்ளையின் பொறுப்பு. “இன்று முழுமையாக ஆடினாயா?” என்று கேளுங்கள். அதற்கு அவன் உண்மையான பதில் சொன்னால், மற்றதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கடைசி நாளில் திரையில் தோன்றிய குடும்பங்கள் முடிவு தெரிந்த பிறகு வரவில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே வந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர்களே, பொறுப்பாளர்களே, உங்களுக்கு மூன்றாவது. பெஞ்சில் அமர்ந்திருக்கும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கைவிடப்பட்டவன் என்று நான்கு பேர் நினைத்த ஒருவனுக்கு எட்டு ஆட்டம் கொடுத்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதைப் பெய்ன் காட்டியிருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பெய்ன்கள் யாரும் கூப்பிடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

மெம்ஃபிஸுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் அது அநீதி. மறு ஆண்டு, 2021 மே மாதம், அவர்கள் மீண்டும் ஒன்பதாவது இடத்தில் நின்றார்கள். முதலில் சான் அன்டோனியோவை 100-96 என்று வென்றார்கள். இரண்டு நாள் கழித்து கோல்டன் ஸ்டேட் அணியை அதன் சொந்த மண்ணிலேயே கூடுதல் நேரத்தில் 117-112 என்று வென்று பிளே-ஆஃபுக்குள் நுழைந்தார்கள். முந்தைய ஆண்டு கடைசி வாசலில் தடுக்கி விழுந்த அதே பிள்ளைகள்.

இன்று சான்றிதழ் வாங்கப்போகும் உங்களில் சிலருக்குப் பரிசும் உண்டு, சிலருக்கு இல்லை. பரிசு வாங்குபவர்கள் அடுத்த நவம்பரை மறந்துவிடாதீர்கள். வாங்காதவர்கள் காலணியைக் கழற்றி மூலையில் எறிந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை மைதானம் வழக்கம்போல் திறந்திருக்கும். நேரத்துக்கு வாருங்கள்.

உங்கள் உழைப்பில் பரக்கத் உண்டாகட்டும். வஸ்ஸலாம்.